போடி ரயில் எதைச் சுமந்தது?

போடிநாயக்கனூருக்கு ரயில் எப்போது வந்தது என்று கேட்டால் இளையவர்கள் 2023 என்பார்கள், பெரியவர்கள் 1928 என்பார்கள். இரண்டுமே சரி. நடுவில் இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். 1953-54-ல் மறுபடி போட்டார்கள். 2010 முடிவில் அதுவும் நின்று, 2023-ல் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது. ஆக மதுரையிலிருந்து போடி வரையிலான இந்த 90 கிலோமீட்டர் பாதை மூன்று தடவை போடப்பட்டிருக்கிறது.

போடியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பாளையத்தில் தொடங்கி ஜமீன் அரண்மனை, அதன் சுவரோவியங்கள் என்று போவார்கள். அது தேவையான வரலாறுதான். ஆனால் இந்த ஊர் வளர்ந்தது மலையிலிருந்து இறங்கிய சரக்கால். அந்தச் சரக்கு எவ்வளவு கனம், எவ்வளவு இடம் அடைக்கும், கிலோ என்ன விலை போகும் என்று பார்த்தால்தான் ரயில் ஏன் வந்தது, ஏன் நொடித்தது, இப்போது வந்திருப்பது எதற்கு உதவும் என்பது விளங்கும்.

போடி மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், கொட்டக்குடி ஆற்றை ஒட்டி இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் வெறும் காற்றாக இறங்கும். ஆடி மாதத்தில் மேலே பூப்பாறையில் கம்பளி வேண்டும், கீழே போடியில் புழுதி பறக்கும். ஏலச்செடிக்கு நிழலும் ஈரமும் குளிர்ச்சியும் வேண்டும், ஆகவே அது மேலேதான் விளையும். உலர்ந்த ஏலக்காய்க்கோ ஈரமே ஆகாது. அதைப் புடைத்து, தரம் பிரித்து, மூட்டை கட்டி வைக்க வறண்ட ஊர்தான் தோது. விளைச்சல் மேலே, வியாபாரம் கீழே என்று ஆனதற்கு முதல் காரணம் இந்தக் காற்று.

இரண்டாவது காரணம் ஆட்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஏலமலை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது, ஏலக்காய் அரசின் தனி வாணிபமாக இருந்தது. ஆனால் மலையேறிக் காடு திருத்தி ஏலம் வைத்தவர்களில் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள் நிறையப் பேர். 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு போயின. அன்றிலிருந்து தோட்டம் ஒரு மாநிலத்தில், முதலாளியின் வீடும் கமிஷன் கடையும் இன்னொரு மாநிலத்தில். இன்றைக்கும் விடியலில் போடி, தேவாரம், கம்பம் பக்கமிருந்து ஜீப்புகள் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகின்றன, பொழுது சாயும்போது இறங்குகின்றன.

ஏலக்காயைத் தோட்டத்திலேயே உலர்த்திவிட்டுத்தான் கீழே அனுப்புவார்கள். இந்த ஒரு வழக்கத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் கதை புரிந்த மாதிரி. பச்சைக்காயில் 80 விழுக்காடு வரை தண்ணீர்தான். சுமார் 5 கிலோ பச்சைக்காய் காய்ந்தால் 1 கிலோ தேறும். காய் நன்றாக முற்றியிருந்தால் நாலரைக் கிலோவே போதும், இளங்காய் கலந்திருந்தால் இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். பொதிமாட்டின் முதுகிலும் ஆள் தலையிலும் சுமை இறங்கிய காலத்தில், ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரை யார் சுமப்பார்கள்? போதாததற்கு, பறித்த காய் குவியலாகக் கிடந்தால் சூடேறிப் புழுங்கி நிறம் கெடும். அதனால் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு ஸ்டோர் இருக்கும்.

ஸ்டோர் என்பது காற்றுப் புகாமல் அடைத்துக் கட்டிய உலர்த்தும் அறை. வெளியே விறகு அடுப்பு. அடுப்பின் அனல் இரும்புக் குழாய்கள் வழியே அறைக்குள் ஓடி, புகைபோக்கியில் வெளியேறும். புகை காயில் படக்கூடாது, வெக்கை மட்டும்தான் படவேண்டும். குழாய்களுக்கு மேலே அடுக்கடுக்காகத் தட்டுகள். பறித்த காயைக் கழுவி, பச்சை நிறம் நிற்பதற்காக 2 விழுக்காடு சலவைச் சோடாக் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்து, வடித்து, தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்புவார்கள். சூடு 45 முதல் 50 டிகிரி செல்சியஸ். தொடக்கத்தில் காயிலிருந்து ஆவி நிறையக் கிளம்பும், அப்போது காற்றுத் திறப்புகளைத் திறந்து விட்டே ஆகவேண்டும். விறகு மிச்சம் என்று அடைத்து வைத்தால் அறைக்குள்ளேயே வியர்த்து, காய் பழுப்பேறிவிடும். ஈரம் வடிந்தபின் திறப்புகளை மூடி, கடைசியில் கொஞ்ச நேரம் மட்டும் சூட்டைக் கூட்டுவார்கள். மொத்தம் 18 முதல் 24 மணி நேரம், அடைமழையில் இன்னும் கூடும். அவசரப்பட்டு எடுத்த எடுப்பிலேயே சூட்டை ஏற்றினால் தோல் வெளுக்கும், காய் வெடிக்கும், உள்ளே உள்ள எண்ணெய் போய்விடும். மணமே எண்ணெயில்தான் இருக்கிறது. இரவெல்லாம் அடுப்படியில் முழித்திருக்கும் ஸ்டோர்க்காரரின் கையில்தான் அந்தப் பறிப்பின் விலை இருக்கிறது. இந்த வேலைக்கு இன்னும் கூடுதல் மதிப்புக் கொடுக்கவேண்டும்.

உலர்ந்த காயைச் சூடு ஆறுவதற்குள் சாக்கிலோ கம்பி வலையிலோ தேய்த்தால் காம்பும் பூவின் காய்ந்த நுனியும் உதிரும். அதன்பிறகு புடைத்தல், சல்லடை. 7 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கும் பெரிய காய்க்கு ஆக்மார்க் முறையில் லிட்டருக்கு 435 கிராம் எடை வேண்டும், 5 மில்லிமீட்டர் ரகத்துக்கு 385 கிராம் போதும். இந்த லிட்டர் எடைதான் வியாபாரியின் முதல் கேள்வி. பார்வைக்குப் பருமனாக இருந்து, லிட்டர் எடை குறைந்தால் உள்ளே அரிசி, அதாவது விதை, நிறையவில்லை என்று பொருள். தரம் பிரிப்பதும் பொறுக்குவதும் போடியில் பெண்களின் வேலை. இயந்திரச் சல்லடை அளவைப் பிரிக்கும், ஆனால் வெடித்த காயையும் நிறம் மங்கியதையும் பூச்சி துளைத்ததையும் கண்தான் பிரிக்கும்.

ஏலக்காய் இப்படி என்றால் தேயிலையின் பாதை வேறு. மூணாறு தோட்டங்களின் தேயிலை மேற்கே கொச்சிக்கு இறங்கவில்லை, கிழக்கே போடிக்கு இறங்கியது. 1902-ல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்றைப் போட்டார்கள். 1908-ல் அதை இரண்டு அடி அகலக் குறும்பாதையாக மாற்றினார்கள், நீராவி இன்ஜின் ஓடியது. அந்தப் பாதை மலை விளிம்பில் முடிந்த இடம்தான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து மலை செங்குத்தாக இறங்குகிறது. தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கி சுமார் 5 கிலோமீட்டர் கீழே கொட்டக்குடிக்கு வந்தன. அதற்குப் பெயர் பாட்டம் ஸ்டேஷன். நடுவில் ஓர் இடத்துக்கு இன்றும் சென்ட்ரல் என்றே பெயர். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு நடக்கிறவர்கள் அந்தச் சிற்றூரைக் கடந்துதான் போவார்கள். மலைக்காட்டுக்குள் இத்தனை ஸ்டேஷன்கள் எப்படி வந்தன என்று வியப்பவர்களுக்கு விடை அந்தக் கம்பிவடம்தான். கொட்டக்குடியிலிருந்து போடிக்கு மாட்டு வண்டி.

போடியில் அப்போது ரயில் இல்லை. மிக அருகில் இருந்த பெரிய பாதை 1875-ல் போட்ட திருச்சி–மதுரைப் பாதை. அதில் அம்மையநாயக்கனூர், அதாவது இன்றைய கொடைரோடு நிலையம்தான் இந்தப் பக்கத்துக்கு வாசல். போடியிலிருந்து அதுவரைக்கும் வண்டிதான். ஒரு சரக்கு எத்தனை தடவை ஏற்றி இறக்கப்படுகிறதோ அத்தனை தடவை கூலி, அத்தனை தடவை சேதம். போடிக்கு ரயில் வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது இந்த ஏற்றிறக்கக் கூலியில்தான்.

ஆனால் ரயில் வருவதற்குள் கணக்கு மாறிவிட்டது. 1924 ஜூலையில் பெய்த பெருமழையில் குண்டளை ரயில் பாதை அடித்துச் செல்லப்பட்டது. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்கிறார்கள். அந்த ரயிலை மறுபடி போடவே இல்லை. 1928-ல் மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை திறந்தது. 1931-ல் ஆலுவாவிலிருந்து மூணாறுக்குப் புதிய சாலை திறந்தது, கொச்சித் துறைமுகமும் வளரத் தொடங்கியிருந்தது. தேயிலை மெல்ல மேற்கே திரும்பியது. எந்தச் சரக்கை நம்பி ரயில் வந்ததோ அந்தச் சரக்கு கைநழுவும் நேரத்தில் ரயில் வந்து சேர்ந்தது. போடி வரலாற்றில் இதைவிட முக்கியமான திருப்பம் இல்லை என்பேன்.

அப்படியும் அந்தப் பாதைக்கு ஒரு பெரிய பலம் இருந்தது. மதுரை, திருச்சி, சென்னை எழும்பூர், தூத்துக்குடி எல்லாம் அப்போது மீட்டர் கேஜ்தான். போடியில் ஏற்றி முத்திரை வைத்த வேகன் எங்கும் சரக்கு மாற்றாமல் நேரே தூத்துக்குடித் துறைமுகம் போகலாம், சென்னை போகலாம். முழு ரயிலுக்குச் சரக்கு வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஒரு வியாபாரி ஒரே ஒரு வேகன் பதிவு செய்யலாம், பாதி வேகன்கூடக் கலந்து அனுப்பலாம். வழியில் யார்டுகளில் வேகனைக் கழற்றி, சேர்த்து, கழற்றி எப்படியும் கொண்டு சேர்ப்பார்கள். ஊரின் அளவுக்கு ஏற்ற ரயில் அது.

போருக்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்தபோது போடி பழையபடி சாலையை நம்பவேண்டி வந்தது. பத்து வருடத்துக்கு மேல் ரயில் இல்லை. அந்த இடைவெளியில் வியாபாரத்தின் ஒரு பகுதி லாரிக்குப் பழகிவிட்டது. ஒரு தடவை பழகிய வழி திரும்புவது கடினம்.

1950-களில் திரும்பி வந்த ரயிலுக்கு ஏற்ற சரக்கு என்றால் இலவம்பஞ்சு. போடியின் அடிவாரத் தோப்புகளில் மாமரமும் இலவமும் நிறைய. மாசி பங்குனிக்குப் பிறகு இலவங்காய் முற்றிக் காயும். பறித்து, வெயிலில் காயவைத்து, ஓட்டை உடைத்து, பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கவேண்டும். கொட்டை எண்ணெய்க்குப் போகும், பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் போகும். காய வைத்திருக்கும்போது ஒரு கோடை மழை பெய்துவிட்டால் போதும், பஞ்சு நனைந்து கட்டியாகிக் கறுக்கும், பிறகு மெத்தைக்கு ஆகாது. பிரிக்கும் இடத்தில் காற்றோட்டமும் கூடாது, பீடி நெருப்பும் கூடாது.

இலவம்பஞ்சின் தொல்லை அதன் எடை அல்ல, அது அடைக்கும் இடம். இழை ஒவ்வொன்றும் உள்ளே கூடான குழல், அதனால்தான் அது மெத்தென்று இருக்கிறது, தண்ணீரில் மிதக்கிறது. பருத்திப் பேல் மாதிரி இறுக்கி அழுத்தினால் குழல் நசுங்கி, மீண்டும் உப்பாது. இறுக்கவும் முடியாது, தளர விட்டால் வண்டி நிறையும், எடையோ தராசில் ஏறாது. ரயில்வேயில் வேகனுக்குக் குறைந்தபட்ச எடைக் கட்டணம் உண்டு, லாரியில் நடைக்குத்தான் வாடகை. எதில் அனுப்பினாலும் காற்றுக்குக் கூலி கொடுத்த மாதிரிதான். ஆகவே பஞ்சை அப்படியே அனுப்பாமல் ஊரிலேயே மெத்தையும் தலையணையும் தைத்து விற்பது போடியில் தனித் தொழிலாக வளர்ந்தது.

ரயிலை நொடிக்க வைத்தவை இரண்டு முடிவுகள். இரண்டும் போடிக்கு வெளியே எடுக்கப்பட்டவை. 1980-களில் இந்திய ரயில்வே ஒற்றை வேகன் சரக்கைக் கைவிட்டு, முழு ரேக்காக, அதாவது ஒரு ரயிலின் எல்லா வேகன்களையும் சேர்த்து, ஏற்றுகிறவர்களுக்கே முதலிடம் கொடுத்தது. அதோடு சிறு வியாபாரியின் ரயில் முடிந்தது. அடுத்து, 1990-களில் மதுரையைச் சுற்றிய முக்கியப் பாதைகள் அகலப் பாதையாகின. மதுரையில் மீட்டர் கேஜ் ஓரமாய் ஒதுங்கியது. 2007-ல் ராமேசுவரம் பாதையும் மாறியபின், மதுரை–போடி வண்டிக்கு இரண்டு பக்கமும் போக இடமில்லை. இன்ஜினும் பெட்டியும் அந்த 90 கிலோமீட்டருக்குள்ளேயே ஓடி, அங்கேயே பழுது பார்க்கப்படவேண்டிய நிலை. 2010 முடிவோடு அந்த ரயிலும் நின்றது.

அதற்குள் சாலை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தது. போடியிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் பாறை உருளும், ஓரம் சரியும், சில நாள் பாதையை அடைப்பார்கள். ஆனாலும் ஸ்டோர் வாசலில் மூட்டையை ஏற்றிய ஜீப் சில மணி நேரத்தில் போடிக் கடை வாசலில் நிற்கும். ஏலக்காய்க்கு அது போதும். கிலோ 2,000 ரூபாய் என்று வைத்தால் 50 கிலோ மூட்டை 1 லட்ச ரூபாய், 10 டன் லாரி 2 கோடி ரூபாய். அதாவது லாரி வாடகை சரக்கின் விலையில் ஒரு துளி. இப்படிப்பட்ட சரக்குக்கு மலிவான வாடகை கவர்ச்சியே இல்லை. யார் பொறுப்பில் இருக்கிறது, எத்தனை கை மாறுகிறது, எப்போது சேரும் என்பவைதான் கவலை. ரயில் இந்த மூன்றிலும் லாரியிடம் தோற்றது.

விலையும் நிலையாக நிற்பதில்லை. 2007-ல் நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. போடியிலும் இடுக்கி மாவட்டம் புத்தடியிலும் ஏல மையங்கள் நடக்கின்றன. வியாபாரிகள் முன்னால் மாதிரிக் காய் வரும், திரையில் லாட் எண்ணும் எடையும் ஓடும், விரல் நுனியில் விலை ஏறும். 2018 வெள்ளத்துக்கும் அதையடுத்த வறட்சிக்கும் பிறகு சரக்குக்குத் தட்டுப்பாடு வந்து, 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அப்படிப்பட்ட நாளில் ஒரு மூட்டையை ஒரு வாரம் வழியில் நிறுத்தி வைப்பதை எந்த வியாபாரியும் நினைத்துக்கூடப் பார்க்கமாட்டார்.

இனி மூன்றாவது பாதை. மீட்டர் கேஜ் என்றால் தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர், அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். வித்தியாசம் முக்கால் மீட்டர்கூட இல்லையே, பழைய கரை மேல் நகர்த்திப் போட்டால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. கரையை அகலப்படுத்தவேண்டும், பாலங்களைப் புதிதாகக் கட்டவேண்டும், தண்டவாளமும் கனமானது. வளைவுதான் பெரிய சிக்கல். மீட்டர் கேஜ் 109 மீட்டர் ஆரம் வரை வளையலாம், அகலப் பாதைக்குக் குறைந்தது 175 மீட்டர் வேண்டும். உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவே உள்ள கணவாயில், பழைய பாதை நெளிந்து போன இடத்தில் பாறையை வெட்டி அகலப்படுத்தவேண்டியிருந்தது. அதோடு பணம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. 2020-ல்தான் உசிலம்பட்டி வரையும், பிறகு ஆண்டிபட்டி வரையும் சோதனை ஓட்டம் நடந்தது. 2022 மே மாதம் மதுரை–தேனி பயணிகள் ரயில் ஓடியது, 2023 ஜூன் 15-ல் போடி வரை வந்தது. அன்றே சென்னை சென்ட்ரலிலிருந்து வாரத்தில் மூன்று நாள் போடிக்கு ரயில் தொடங்கியது. பன்னிரண்டு வருட இடைவெளியில் பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகள் தங்கள் ஊரில் ரயிலைப் பார்த்ததே அன்றுதான்.

அந்த மகிழ்ச்சியில் சரக்கு ரயிலும் வரும், ஏலக்காய் இனி ரயிலில் போகும் என்று பேசியவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூடிய வேகன்கள் கொண்ட ஒரு முழு ரேக் சுமார் 2,500 டன் ஏற்றும். இந்தியா முழுக்க ஒரு வருடத்தில் விளையும் சிற்றேலக்காயே ஏறக்குறைய 20,000 முதல் 25,000 டன்தான். நாட்டின் ஒரு வருட விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை ஒரே நாளில், ஒரே திசையில் அனுப்பினால்தான் ஒரு ரேக் நிறையும். அது நடக்கப்போவதில்லை. முழு ரேக்குக்குத் தகுந்த சரக்கு உரம், அரிசி, சிமென்ட். அவை இந்தப் பள்ளத்தாக்குக்கு வருகிறவை, இங்கிருந்து போகிறவை அல்ல.

போடிக்கு உண்மையில் கைகொடுக்கக்கூடியது பயணிகள் ரயிலின் பார்சல் அறை. அதில் சில டன் ஏறும். நடுவழி நிலையம் என்றால் வண்டி ஓரிரு நிமிடம்தான் நிற்கும், அதற்குள் இருபது மூட்டைகூட ஏற்ற முடியாது. போடி கடைசி நிலையம். வண்டி வெறுமையாகக் காத்து நிற்கும் நேரத்தில் நிதானமாக எடை போட்டு, அடையாளம் எழுதி, அடுக்கலாம். இரவு ஏற்றினால் காலையில் சென்னை. அதற்கு வேண்டியது பெரிய திட்டம் ஒன்றும் அல்ல: கூரையுள்ள பார்சல் கொட்டகை, சரியான தராசு, வண்டி புறப்படும் நாளில் சாயங்காலம் வரை பதிவு எடுக்கும் ஆள். ஏலக்காயை அனுப்புகிறவர்கள் சாக்குக்குள் கறுப்பு பாலித்தீன் உறை போடவேண்டும். வெளிச்சம் பட்டால் பச்சை மங்கும், மழைக்கால இரவில் ஈரத்தை இழுத்தால் பூசணம் பிடிக்கும். இலவம்பஞ்சை இதில் அனுப்ப நினைப்பது வீண், இடத்தை அடைக்கும், தீப் பயமும் உண்டு. தைத்த தலையணைகளை அனுப்பலாம். எல்லாவற்றையும்விடப் பொருத்தமானது சித்திரை வைகாசியில் இறங்கும் மாங்காய். லேசாகச் செங்காயாக இருக்கும்போதே பறித்து, பால் வடியவிட்டு, வைக்கோல் பரப்பிய கூடையில் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கினால், ஓர் இரவுப் பயணத்தில் அடிபடாமல் போய்ச் சேரும்.